நம்ம மணியும் அந்தப் பக்க மணியும்

வெஸ்ட்மார்க் ஊரில் நெஸ்டர் பிட்லுப்னியின் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல் ஒன்று உண்டு. "தெரியல" என்பதுதான் அது.

எந்த வயலில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும், இந்த வருடம் பனி எப்போது உருகும், யார் வீட்டுக் கல்யாணம் எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினைந்து வயதில் போர் போடுகிற லாரியில் எடுபிடியாக ஏறினார். முப்பது வயதில் அந்த லாரியே அவருடையதாகிவிட்டது. எழுபத்திரண்டு வயதுக்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு போர் போட்டிருக்கிறார். பொய்த்தது மூன்றே மூன்று. அந்த மூன்றையும் அவரே சொல்லிவிடுவார், மறைக்கிற புத்தி கிடையாது. ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் நிலம் வாங்கியது சொந்தக்காரர்கள் குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்வார். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் குழாயைத் திறப்பவர்களில் பாதிப் பேர் அவர் கைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். படித்தவன் எவனாவது இப்படி ஒன்று செய்து காட்டட்டும், பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஜனவரி பத்தாம் தேதி காலையில் தலை சுற்றியது.

பனித்தரையில் சறுக்கி, ரப்பர் வட்டை அடித்து ஆடுகிற ஊர் ஹாக்கி அணிக்குப் பேட்ஜர்ஸ் என்று பெயர். அது எந்தப் பணக்காரனுக்கும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம். ஊர்க்காரர்கள் கூடித் தேர்ந்தெடுத்த குழுவுக்கு நெஸ்டர் ஒன்பது வருடமாகத் தலைவர். ஆடுகிறவர்கள் பதினாறிலிருந்து இருபது வயது வரை உள்ள பிள்ளைகள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஊர்க்காரர் வீடுகளில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுவார்கள். லீகில் முதல் எட்டு இடத்தைப் பிடிக்கிற அணிகள்தான் பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுக்குப் போகும். பேட்ஜர்ஸ் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த வருடம் கண்டிப்பாகப் போகும் என்று நெஸ்டர் செப்டம்பரிலேயே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இப்போது அணி ஒன்பதாவது இடத்தில், நான்கு புள்ளி பின்னால் நின்றது.

பத்தாம் தேதி மதியம் மூன்று மணிதான் கெடு. அதற்குள் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கையில் இருக்கிறவர்களோடு சீசனை முடிக்க வேண்டியதுதான்.

மூன்று மணி என்றால் எந்த மூன்று மணி என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லீகின் அலுவலகம் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் இருக்கிறது. வெஸ்ட்மார்க் இருப்பது சஸ்காச்சுவானில், எல்லைக்கு இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டரில். கோடையில் இரண்டு பக்கமும் ஒரே மணி. குளிர்காலத்தில் ஆல்பர்ட்டாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். சஸ்காச்சுவான்காரன் கடிகாரத்தைத் தொடமாட்டான். அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊரில் நம்ம மணி, அந்தப் பக்க மணி என்று இரண்டு மணி ஓடும். கடை, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் நம்ம மணி. ஹாக்கி அரங்கம் மட்டும் அந்தப் பக்க மணி. நம்ம மணி நாலு அடிக்கும்போது அரங்கத்தில் மூன்று அடிக்கும். இதில் பிறந்ததிலிருந்து ஒருநாளும் தடுமாறியதில்லை என்பதும் நெஸ்டரின் பெருமைகளில் ஒன்று.

கூட்டுறவுக் கடையில் ஊர்க்கதை பேசக் கூடுகிற மேஜைக்குக் காபி வரிசை என்று பெயர்; அன்று காலை அங்கே வழக்கமான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. நெஸ்டர் கையுறையைக் கழற்றுவதற்குள் மருந்துக்கடை டெல்பர்ட் ஆரம்பித்துவிட்டார்.

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு, நெஸ்டர்."

"குளிரா? அதெல்லாம் ஒரு குளிரா?"

"குளிர் இல்லய்யா. நாம பிளேஆஃப் போக நூத்துக்கு முப்பத்தொண்ணு புள்ளி நாலு வாய்ப்பு. மிச்சமிருக்கிற ஆட்டத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்தாயிரம் தடவ ஆடவிட்டுப் பாத்தேன்."

"பத்தாயிரம் தடவையா? நம்ம பசங்க ஒரு தடவ ஆடறதுக்கே நாக்கு தள்ளுறானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"நமக்கு முன்னாடி இருக்கிறவன் நம்மளவிட ரெண்டு ஆட்டம் கூட ஆடிட்டான். ஜெயிச்சா ஆட்டத்துக்கு ரெண்டு புள்ளி, அப்ப நாம நாலு புள்ளி பின்னாடி இருந்தாலும் நெசத்துல பின்னாடி இல்ல. ஆனா அவன் கூடுதல் நேரத்துல தோத்த ஆட்டம் ஏழு. அதுக்கு ஏழு புள்ளி வாங்கியிருக்கான்."

"தோத்தவனுக்கு எதுக்குடா புள்ளி?"

"கூடுதல் நேரத்துல தோத்தா ஒரு புள்ளி. அதான் சட்டம்."

"நான் எண்ணூறு அடி தோண்டிட்டு, 'தண்ணி வரல, ஆனா ஆழமாத் தோண்டியிருக்கேன், பாதிக் காசு குடு'னு கேட்டா குடுப்பியா? இங்க பாரு டெல்பர்ட். தண்ணி இருக்கும், இல்லாட்டி இருக்காது. நூத்துக்கு முப்பத்தொண்ணு தண்ணி எவன் வீட்டுக் குழாய்லயும் வந்ததில்ல."

"அது கெடக்கட்டும். கார்னிய விக்கிறியா, இல்லியா?"

எல்லோரும் நெஸ்டர் பக்கம் திரும்பினார்கள். கார்னி டைக்ரோப்தான் பேட்ஜர்ஸின் கோல்கீப்பர். இருபது வயது, இதுதான் அவனுக்கு இந்த லீகில் கடைசி வருடம். மூன்று வருடமாக நெஸ்டர் வீட்டு அடித்தள அறையில் தங்கியிருக்கிறான். அணி ஒன்பதாவது இடத்திலாவது நிற்கிறதென்றால் அது அவன் காலில் கட்டிய பட்டைகளால்தான்.

"முடிவெல்லாம் எடுத்தாச்சு," என்றார் நெஸ்டர். "சாயங்காலம் சொல்றேன்."

முடிவும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அரங்கத்தின் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியபோது அணியின் மேலாளர் லைல் கெஸ்லர் மேஜைமேல் இரண்டு தாள்களைப் போட்டான். நாற்பது வயது ஆசாமி, இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"தலைவரே, இது விக்கிற தாள். இது வாங்குற தாள்."

விற்கிற தாளில் மார்டன்ஹில் அணி கார்னியைக் கேட்டிருந்தது. மார்டன்ஹில் லீகில் இரண்டாவது இடம். கார்னிக்குப் பதிலாகப் பதினேழு வயதில் இரண்டு நல்ல பையன்களையும், அடுத்த வருடம் புதியவர்களில் ஒருவனை முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமையையும் தருவார்கள். வாங்குகிற தாள் நேர் எதிர். கார்னியை வைத்துக்கொண்டு, வேறொரு அணியிலிருந்து கோல் அடிக்கிறவன் ஒருவனை வாங்குவது. அதற்குப் பேட்ஜர்ஸ் தன்னிடம் வளர்ந்து வருகிற இரண்டு பையன்களைக் கொடுக்க வேண்டும்.

"எது நல்லது?"

"இந்த வருஷம் போவோம்னா வாங்கணும். போகமாட்டோம்னா விக்கணும்."

"போவோமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தலைவரே இப்படி இருக்கேன்? காலையில விக்கலாம்னு எழுந்தேன். பல் தேய்க்கும்போது வாங்கலாம்னு தோணுச்சு. ரெண்டும் செய்யாம நடுவுல நின்னா அடுத்த வருஷமும் போச்சு. இருபது வயசுப் பையனைத் தொட்டா தலைவர் கையெழுத்து வேணும்னு நம்ம விதி இருக்கு. நீங்களே சொல்லுங்க. மூணு மணிக்குள்ள ஒரு தாள் இங்க வரணும்."

நெஸ்டர் இரண்டு தாளையும் மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறினார். அவர் வண்டியின் கடிகாரம் குளிரில் செத்துப்போய் டிசம்பரிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. கைபேசியும் குளிரில் அணைந்து கிடந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எல்லையில் எந்தப் பக்கத்துக் கைபேசிக் கோபுரம் கிடைக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவுகிற சாதனத்தை எந்த மடையன் நம்புவான்?

ஊருக்கு வெளியே ஒரு போர் குழாய்ப் பக்கம் வண்டியை நிறுத்தினார். அவர் தனியாகப் போட்ட முதல் போர் அது. எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் அங்கேதான் போவார். அங்கே வந்தால் பூமி ஏதாவது சொல்லும். அன்றைக்குப் பூமி ஒன்றும் சொல்லவில்லை. விற்றால் ஊர் காறித் துப்பும். விற்காமல் பிளேஆஃபுக்குப் போகாவிட்டாலும் ஊர் காறித் துப்பும். வாங்கினால் அந்த இரண்டு பையன்களின் அப்பா அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? இதற்கெல்லாம் நடுவில் கார்னி என்ன நினைப்பான் என்ற எண்ணம் ஓரமாக எட்டிப் பார்த்தது. அவன் எதற்குப் போக நினைக்கப்போகிறான்? நெஸ்டர் வீட்டைவிட அவனுக்கு நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைக் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு நேரமா அந்தக் குழாயை வெறித்துக்கொண்டிருந்தோம்? அந்தக் கடிகாரம் குளிர்காலம் முழுக்க அந்தப் பக்க மணிதான் காட்டும். ஆல்பர்ட்டாவில் இருக்கிற மகள் கூப்பிடுகிற நேரத்துக்காக மனைவி ஸ்டெஃபா நவம்பரிலேயே திருப்பிவைத்துவிடுவார். அப்படியென்றால் கெடுவுக்கு நாற்பது நிமிடம்தான்.

ஸ்டெஃபா மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கு வைத்துப் பெரோகி மடித்துக்கொண்டிருந்தார். நெஸ்டர் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டியா?"

"யோசிக்கிறேன்."

"நீயா?"

"ஏன், நான் யோசிக்கக் கூடாதா?"

"நாப்பத்தாறு வருஷமா பாக்கறேன். இதான் முதல் தடவ." ஸ்டெஃபா தலை நிமிராமலே கேட்டார்: "கார்னிகிட்டக் கேட்டியா?"

"அவன்கிட்ட என்ன கேக்கறது? தோண்டறதுக்கு முன்னாடி பூமிகிட்டயா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"கேட்டிருந்தா அந்த மூணும் மிச்சமாயிருக்கும்."

நெஸ்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். விற்கிற தாளை மேலே வைத்தார். பிறகு வாங்குகிற தாளை மேலே வைத்தார். டெல்பர்ட்டின் முப்பத்தொன்று புள்ளி நாலு தலைக்குள் ஈ மாதிரி சுற்றியது. மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு என்றால் நிறையவா, குறைச்சலா? மூன்று குழி தோண்டி ஒன்றில் தண்ணீர் வந்தால் அவன் போர்க்காரனா, பெருச்சாளியா? இரண்டு ஐம்பதுக்கு அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. எதிலும் கையெழுத்துப் போடாமல் கெடு தாண்டட்டும். அப்புறம் ஊரில் போய், "கார்னிய எவனுக்கும் குடுக்கமாட்டேன்னு உறுதியா நின்னேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். இதுவும் ஒரு முடிவுதானே?

முள் பன்னிரண்டைத் தொட்டதும் மேஜையை ஓங்கித் தட்டினார். பெரோகி ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"கார்னி! மேல வா!"

அடித்தளப் படியில் கனமான காலடி கேட்டது. கதவுச் சட்டத்துக்குக் கீழே தலை குனிந்து கார்னி உள்ளே வந்தான். நின்றால் அலமாரி மாதிரி இருப்பான், பேச்சு மட்டும் எலிக்குரல்.

"என்ன கீடோ?"

உக்ரைன் பேச்சில் தாத்தாவைக் கீடோ என்பார்கள். அந்த வீட்டில் தங்கிய எல்லாப் பிள்ளைகளும் நெஸ்டரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"மணி மூணு. கெடு தாண்டிடுச்சு. மார்டன்ஹில்காரன் உன்னைக் கேட்டான். நான் கையெழுத்துப் போடல. இனிமே எவனும் உன்னைத் தொட முடியாது. நீ இங்கதான்."

"சரி கீடோ."

"சரியா? அவ்வளவுதானா? ஒரு துள்ளு துள்ளமாட்டியா?"

"நன்றி கீடோ."

கார்னி உட்கார்ந்தான். ஸ்டெஃபா அவன் முன்னால் தட்டை வைத்தார். எட்டு பெரோகியை ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல் தின்றான். ஒன்பதாவதை முள்கரண்டியால் குத்திக்கொண்டே மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தான்.

"கீடோ, அந்தத் தாள் இனிமே வேணாம்தானே?"

"எது?"

"மார்டன்ஹில் தாள். நான் வச்சுக்கட்டுமா?"

"கெடு தாண்டின தாளு. அத வச்சு என்ன பண்ணுவ?"

"சும்மாதான். அம்மாகிட்ட காட்டணும்." தாளை விரலால் தொட்டுச் சொன்னான்: "அதுல என் பேரு மேல இருக்கு."

நெஸ்டர் தாளை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். முதல் வரியில் கார்னீலியஸ் டைக்ரோப் என்று முழுப் பெயரும் இருந்தது. அதற்குக் கீழேதான் மற்றவர்கள்.

"ஆமா, இருக்கு. அதுக்கென்ன?"

"நான் இங்க வந்த தாள்ல என் பேரே இல்ல கீடோ."

அது நெஸ்டருக்குத் தெரியாத விஷயமில்லை, அவர் கையெழுத்துப் போட்ட தாள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் பேட்ஜர்ஸ் ஒரு தடுப்பாட்டக்காரனை வடக்கே ஓர் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு யாரைத் தருவது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் லீகில் ஒரு வரி எழுதுவார்கள்: பிற்பாடு பார்த்துக்கலாம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிற்பாடாக வந்து இறங்கியவன்தான் கார்னி. அவர்களிடம் மூன்று கோல்கீப்பர்கள் இருந்தார்கள், மூன்றாமவனை அனுப்பிவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் பையன்கள் இன்றைக்கும் அவனைப் 'பிற்பாடு' என்றுதான் கூப்பிடுவார்கள். 'டேய் பிற்பாடு, வட்ட விடாதடா' என்று பார்வையாளர் வரிசையிலிருந்து நெஸ்டரே கத்தியிருக்கிறார். சிரிப்பான பெயர் என்றுதான் நினைத்திருந்தார்.

"இவங்க என்னைக் கேட்டிருக்காங்க," என்றான் கார்னி. "பேரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. எனக்காக ரெண்டு பேரத் தர்றோம்னு எழுதியிருக்காங்க. அதான் கீடோ. வேற ஒண்ணும் இல்ல."

நெஸ்டர் தாளைக் கீழே வைக்கவில்லை. தன்னை முதன்முதலில் வேலைக்கு எடுத்த போர் லாரிக்காரன் குவிஸ்ட் தங்கள் பண்ணை முற்றத்துக்கு வந்த கதையை அவர் காபி வரிசையில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவன் லாரி எவ்வளவு பெரியது, அவன் எவ்வளவு கெட்ட வார்த்தை பேசுவான், முதல் நாளே தன் கை எப்படிக் கிழிந்தது, எல்லாம் அதில் வரும். ஒன்று மட்டும் வராது. அண்ணன் தம்பி ஐந்து பேர் வரிசையாக நிற்க, குவிஸ்ட் அப்பாவிடம் சொன்னது: "அந்த மூணாவது பையன் நெஸ்டர் இருக்கான்ல, அவன் வேணும்." தன் பெயர் ஓர் அந்நியனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பதினைந்து வயது நெஸ்டருக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூட்டை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

ஸ்டெஃபா கையில் மாவோடு திரும்பி, கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நெஸ்டர், அது நம்ம மணி."

"என்ன நம்ம மணி?"

"கடிகாரம். ஜனவரியில வர்ற நம்ம உக்ரைன் கிறிஸ்துமஸ் விருந்துக்காகத் திருப்பிவச்சேன். போன வருஷம் எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்து, கூத்யாப் பாயசத்துக்குக் கோதுமை வேகறத வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களே, மறந்துட்டியா? அதான் இந்த வருஷம் ஆறாந்தேதி காலையிலயே நம்ம மணிக்கு மாத்திட்டேன்."

"நாலு நாளாச்சு! என்கிட்டச் சொல்லல?"

"சூரியனப் பாத்தாலே மணி சொல்லிடுவேன்னு ஊரெல்லாம் பீத்துவியே, நீ எங்க கடிகாரத்தப் பாக்கப்போறேன்னு விட்டுட்டேன்."

நெஸ்டர் விரல் விட்டு எண்ணினார். இப்போது நம்ம மணி மூன்று இருபது. அப்படியென்றால் அந்தப் பக்கம் நாலு இருபதா? இல்லை, அவர்கள் பின்னால் தள்ளுவார்கள். இரண்டு இருபது. இரண்டு இருபதுதானா? பிறந்ததிலிருந்து தடுமாறாத கணக்கு அவரை அன்றைக்குத் தடுமாற வைத்தது. கார்னியைப் பார்த்தார். கார்னி தலையசைத்தான்.

"ரெண்டு இருபது கீடோ. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

ஸ்டெஃபா அடுத்த பெரோகிகளைக் கரண்டியால் கொதிக்கிற தண்ணீரில் விட்டார்.

"போகணுமா உனக்கு?" என்றார் நெஸ்டர். மூன்று வருடத்தில் அவன் விருப்பத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் உத்தரவு.

கார்னி முள்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியல கீடோ. நீங்க கெடு தாண்டிடுச்சுன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. தாளப் பாத்ததும் ஏதோ போனமாதிரி இருந்துச்சு. போனா இங்கயே இருந்திருக்கலாம்னு தோணும். இருந்தா, அவங்க கேட்டாங்களேன்னு தோணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கும் தெரியல," என்றார் நெஸ்டர்.

ஸ்டெஃபா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோட்டப் போடு," என்றார் நெஸ்டர் கார்னியிடம். "வண்டில ஏறு."

அரங்கத்துக்குள் நுழைந்தபோது அங்கே இரண்டு நாற்பத்தொன்று. லைல் வராந்தாவிலேயே ஓடிவந்தான்.

"எங்க தலைவரே போனீங்க? பதினஞ்சு தடவ போன் அடிச்சேன்! எந்தத் தாள்?"

நெஸ்டர் விற்கிற தாளை மேஜையில் விரித்தார். கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்ததில் அழகானது அந்தக் கையெழுத்துதான். எண்ணூற்றுப் பன்னிரண்டு ஒப்பந்தத்தில் போட்டுப் பழகியது. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, மார்டன்ஹில் தருகிற வரிசைக்குக் கீழே இன்னொரு வரியைக் கோணல்மாணலாக எழுதினார்.

லைல் குனிந்து படித்தான். "பிற்பாடு பார்த்துக்கலாம். இதென்ன?"

"ரெண்டு பையன், ஒரு தேர்வுரிமை, அப்புறம் இது."

"பிற்பாடு என்ன வாங்கப்போறோம்?"

"அத பிற்பாடு பாத்துக்கலாம்."

"தலைவரே, மார்டன்ஹில்காரன் கேப்பான்! நான் என்ன சொல்லட்டும்?"

"கார்னிய இங்க அனுப்பினவனுங்க நமக்கு என்ன சொன்னானுங்க? அதையே சொல்லு."

லைல் போனை எடுத்தான். மார்டன்ஹில் மேலாளரின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. என்ன வேண்டும், ஆளா, வலையா, பஸ்ஸா என்று மூன்று தடவை கேட்டான். லைல் தலைவரைப் பார்த்தான். தலைவர் சுவரைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தேழுக்கு அந்தப் பக்கம், "சரி, என்ன கருமமோ" என்று ஒத்துக்கொண்டது. தாள் போய்ச்சேர்ந்தது. லைல் ஒரு நகல் எடுத்துக் கார்னியிடம் கொடுத்தான். கார்னி அதை நான்காக மடித்து முகமூடிப் பையின் உள்பக்கம் வைத்தான். அப்போதும் அவன் துள்ளவில்லை.

மறுநாள் காலை உறைந்த பெரோகி ஐந்து பைகளோடு அவன் போனான். காபி வரிசையில் நெஸ்டருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது.

"வா தலைவரே வா! முடிவெல்லாம் எடுத்தாச்சுன்னியே, ஊர விக்கிற முடிவா?"

"பதினோரு புள்ளி ரெண்டு," என்றார் டெல்பர்ட். "நேத்து ராத்திரிக்குள்ள இருபது புள்ளி போச்சு, ஒத்தக் கையெழுத்துல."

"உன் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ரெண்டு பையன் வந்திருக்கான். ஒரு கைய வித்து ரெண்டு கால் வாங்கியிருக்கேன்."

"கூட என்னமோ எழுதி வாங்கினியாமே, அது என்ன?"

"நேரம் வரும்போது தெரியும்," என்றார் நெஸ்டர் பெருமையாக. அது என்னவென்று அவருக்கே தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை யாராலும் விளக்க முடியவில்லை. பேட்ஜர்ஸ் அடுத்த ஏழு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்தது. அதுவரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டாவது கோல்கீப்பர் எல்லா வட்டையும் பிடித்தான். புதிதாக வந்த பதினேழு வயதுப் பையன்களில் ஒருவன் ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்டான். டெல்பர்ட்டின் கம்ப்யூட்டர் பதினொன்றிலிருந்து இருபத்தாறுக்கும், பிறகு நாற்பத்து நாலுக்கும் தாவியது. ஒருநாள் ஜெயித்தும் இரண்டு புள்ளி இறங்கியது. டெல்பர்ட் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, "நான் மருந்து விக்கிறதோட நிறுத்திக்கிறேன்" என்றார். மார்டன்ஹில் மேலாளர் வாரம் ஒருமுறை லைலைக் கூப்பிட்டு, உங்கள் தலைவருக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நெஸ்டர் ஒவ்வொரு தடவையும் பிற்பாடு என்று சொல்லியனுப்பினார்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் மார்டன்ஹில் வெஸ்ட்மார்க்குக்கு ஆட வந்தது. அரங்கம் நிறைந்துவிட்டது. ஜெயித்தால் பேட்ஜர்ஸுக்கு எட்டாவது இடம். எதிர்ப்பக்க வலையில் பச்சைச் சட்டை போட்டுக் கார்னி நின்றான். முதுகில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பேட்ஜர்ஸ் பையன்கள் அவன் பக்கமாகச் சறுக்கிப் போகும்போதெல்லாம் "என்ன பிற்பாடு, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். அவன் ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஒவ்வொரு வட்டையும் அவன் தடுக்கும்போது நெஸ்டர், "பாத்தியா! நம்ம வீட்டுச் சாப்பாடு!" என்று ஸ்டெஃபாவின் தொடையில் தட்டினார். பிறகு, நம் அணிக்குக் கோல் விழவில்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றாம் பகுதியில், ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, கார்னிக்குப் பதிலாக வந்த அந்தப் பதினேழு வயதுப் பையன் மூலையிலிருந்து சுற்றிவந்து, கார்னியின் காலுக்கு நடுவில் வட்டைச் செருகிவிட்டான். அரங்கம் வெடித்தது. ஊரே எழுந்து நின்றது. நெஸ்டரும் எழுந்தார். கை இரண்டும் தோள் வரைக்கும் போயின. அங்கே கார்னி முட்டிபோட்டு, வலைக்குள் கிடந்த வட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் தோளுக்கு மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை.

"கைய மேல தூக்கு, இல்லாட்டி கீழ போடு," என்றார் ஸ்டெஃபா. "பின்னாடி இருக்கிறவனுக்கு மறைக்குது."

"எத செய்யறதுன்னு தெரியல ஸ்டெஃபா," என்றார் நெஸ்டர், நின்ற இடத்திலேயே, இரண்டு கைகளும் காது மட்டத்தில் இருக்க.